மூன்றாவது டிக்

அத்தியாயம் 4

"ஷட்டர் மூட மாட்டேங்குதுக்கா. இன்னைக்கு நாலு மணிக்குள்ள சரியாவலேன்னா எனக்க வேல போச்சு."

காலையில் போனில் ஒரு பெண் அழுகையோடு சொன்னது இவ்வளவுதான். பெமிலா அதைத் தன் உதவியாளர் குமாரதாஸிடம் அப்படியே சொன்னாள். குமாரதாஸ் அதை அப்படியே நம்பிவிட்டார். ஆகவே பதினோரு மணிக்குக் கோட்டாற்றில் அந்தப் பரிசோதனைக் கூடத்தின் மாடிப்படி ஏறும்போது அவருடைய ஒரு கையில் கிரீஸ் டப்பா, மறு கையில் சம்மட்டி, தோளில் கடப்பாரை.

"அண்ணே, இதெல்லாம் எதுக்கு?"

"ஷட்டர்னு சொன்னியல்லா? மேல ஏறி ஒரு சவிட்டு சவிட்டினா தன்னால எறங்கும். மஸ்கட்டுல நான் எறக்காத ஷட்டரே கெடையாது."

"இது கடை ஷட்டர் இல்லண்ணே. மெஷினுக்குள்ள இருக்கப்பட்ட ஷட்டர்."

"எம்புட்டு பெரிசு வரும்?"

பெமிலா சுண்டுவிரலை நீட்டி நகத்தைக் காட்டினாள்.

குமாரதாஸ் கடப்பாரையைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "அப்பம் சின்ன சம்மட்டி எடுத்திருக்கலாம்" என்றார்.

பெமிலாவுக்கு வயது நாற்பது. பதினான்கு வருடம் ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்க்கும் எஞ்சினியராக ஊர் ஊராய்ச் சுற்றியவள். அந்தப் பதினான்கு வருடத்தில் அவள் கண்டுகொண்டது, மெஷின்கள் பொய் சொல்வதில்லை, பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் சொல்கிறார்கள் என்பது. வேலையை விட்டுவிட்டு வடசேரியில் ஓர் அறை எடுத்துப் பலகை மாட்டினாள்: 'கருவிகள் பழுது பார்க்கப்படும். பழுதாக்கியவர் யாரென்றும் பார்க்கப்படும்.' குமாரதாஸ் மார்த்தாண்டத்துக்காரர். இருபது வருடம் மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்து திரும்பியவர். கைக்கு ஓய்வு கொடுத்தாலும் வாய்க்குக் கொடுக்கவில்லை.

மாடியில் குளிரூட்டிய ஒரே ஹால். மிளகாய்ப்பொடியில் செங்கல் கலந்திருக்கிறதா, மஞ்சளில் சாயம் இருக்கிறதா, தேங்காயெண்ணெயில் தேங்காய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற இடம். உரிமையாளர் ஹரிகுமார் எழுந்து நின்று வரவேற்றார். ஐம்பத்தைந்து வயது, நெற்றி நிறையத் திருநீறு. இடது மணிக்கட்டில் மட்டும் இரண்டு கறுப்புக் கயிறு, ஒரு சிவப்புக் கயிறு, ஒரு செம்பு வளையம், ஒரு கைக்கடிகாரம். விரல்களில் மூன்று ராசிக்கல் மோதிரம். அந்தக் கை ஒரு சின்ன ஃபேன்ஸி ஸ்டோர் போலிருந்தது.

"வாங்கம்மா. நீங்க வருவியன்னு எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"பல்லி." சுவரைக் காட்டினார். பல்லி விழும் பலன், பல்லி சொல்லும் பலன் எல்லாம் அச்சடித்த காலண்டர் தொங்கியது. அதற்கு மேலே ஒரு கொழுத்த பல்லி, தன்னைப் பற்றிய விளம்பரத்துக்குக் காவல் நிற்பதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. "காலையில கிழக்குப் பக்கம் சொல்லிச்சு. விருந்தாளி வரும். ஆனா ஒரு பிரயோஜனமும் இருக்காது."

"அதையும் பல்லிதான் சொல்லிச்சா?"

"அது நான் சொல்லுகது. மெஷினுக்குக் கேடு ஒண்ணுமில்லம்மா. இந்தப் பிள்ளைக்குக் கைராசி இல்ல."

அந்தப் பிள்ளை ஜாஸ்மி. மெஷினுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். முட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். காலையில் போன் செய்தவள் அவள்தான் என்று கண்களின் வீக்கமே சொன்னது.

"திங்கள், புதன், வெள்ளி இவளுக்கு டூட்டி" என்றார் ஹரிகுமார். "செவ்வாய், வியாழன், சனி ரஷ்மிக்கு. ரஷ்மி ஓட்டினா மெஷின் கோயில் மணி மாதிரி ஓடுது. இவ தொட்டா 'ஷட்டர் மூடவில்லை'ன்னு சிவப்பு எழுத்துல வந்து நின்னுருது. மூணு வாரமா இதே பாடு. சென்னையில இருந்து ஒரு ஆளை வரவழைச்சேன். அவன் ஒரு செவ்வாக்கிழமை வந்தான். ஒரு கொறையும் இல்ல, ஓட்டுகவங்க சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான்."

"செவ்வாய்க்கிழமை ரஷ்மி டூட்டி சார்" என்றாள் ஜாஸ்மி மெதுவாக.

"அதைத்தானே நானும் சொல்லுகேன்!"

மேஜை மேல் ஒரு கடிதம் தயாராக இருந்தது. பெமிலா அதை எடுத்துப் படித்தாள். 'கருவியைக் கவனக்குறைவாகக் கையாண்டு பழுதாக்கிய காரணத்தால்' என்று தொடங்கியது.

"நாலு மணிக்கு எபிசன் வாறான்" என்றார் ஹரிகுமார். "புது மெஷின் விக்கிறவன். ஆர்டர்ல ஒரு கையெழுத்து, இந்தக் கடுதாசியில ஒரு கையெழுத்து. ஒரே பேனாவுல முடிச்சிருவேன்."

ஜாஸ்மி பெமிலாவைப் பார்த்தாள். "இந்தக் கடுதாசியோட போனா ஜில்லாவுல ஒரு லேப்லயும் உள்ள விடமாட்டாங்கக்கா. நான் அந்த மெஷின அடிச்சது இல்ல, தட்டுனது இல்ல. ஒரு நாள் அதுகிட்ட கெஞ்சினேன். அது மட்டும் உண்மை."

"என்ன சொல்லிக் கெஞ்சின?" என்றார் குமாரதாஸ்.

"மூடுன்னு."

"எனக்க வீட்டுக்காரியும் என்கிட்ட தெனமும் அதத்தான் சொல்லுகா. ஒரு பலனும் இல்ல."

பெமிலா மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அலுமினியப் பெட்டி. இடது பக்கத்தில் மூடியைப் பிடித்துக்கொண்டு நான்கு இரும்புத் திருகாணிகள். குமாரதாஸுக்காகச் சுருக்கமாக விளக்கினாள்.

"ஒரு முனையில விளக்கு, மறு முனையில கண்ணு, நடுவுல சாம்பிள். எண்ணெய் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குதுன்னு கண்ணு பாக்கும். ஆனா அதுக்கு முன்னால கதவைச் சாத்தி இருட்டு எப்படி இருக்குன்னும் பாத்துக்கணும். இருட்டுதான் அதுக்குப் பூஜ்யம். அந்தக் கதவுதான் ஷட்டர். கதவு மூடலேன்னு மெஷின் நினைச்சா, மேக்கொண்டு வேலை செய்யாது."

"கல்யாண மண்டபம் மாதிரி. கதவு சாத்தினாதான் உள்ள உள்ளவன் நிம்மதியாத் திம்பான்."

"ஜாஸ்மி, தகராறு வரும்போது என்ன கேக்கும்?"

ஜாஸ்மி யோசிக்கவே இல்லை. மூன்று வாரமாக அவள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா ஓடினா ரெண்டு 'டிக்'க்கா. தொறக்க ஒண்ணு, மூட ஒண்ணு. தகராறு வாற நேரம் மட்டும் மூணு கேக்கும்."

"மூணாவது பல்லி" என்றார் ஹரிகுமார். "இவ பொத்தானை அமுக்குக நேரம் பாத்துச் சரியாச் சொல்லும். சகுனம் சரியில்லன்னு நான் அப்பமே நினைச்சேன்."

பெமிலா நாற்காலி ஒன்றை இழுத்துக் காலண்டருக்கு நேரே போட்டாள். "அண்ணே, இங்க இருங்க. கண்ணை எடுக்காம பல்லியப் பாக்கணும்."

"நானா?"

"அதுதான் இப்ப நம்ம சந்தேகத்துல இருக்கப்பட்ட ஆளு. எப்ப வாயைத் தொறக்குது, எப்ப மூடுதுன்னு எனக்குத் தெரியணும்."

குமாரதாஸ் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பல்லிக்கு எதிரே உட்கார்ந்தார். இருபது வருட வெளிநாட்டு அனுபவம் கடைசியில் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டதே என்பது முகத்தில் தெரிந்தது.

பெமிலா மின்சாரத்தை அணைத்து, நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். இந்த ஜில்லாவில் ஷட்டர் கோளாறு என்றால் முதல் குற்றவாளி உப்புக்காற்று. இரண்டாவது, எறும்பு. துரு இல்லை, எறும்பு இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுத் தகடு சுத்தமாக மின்னியது. விரலால் தள்ளினாள், போனது. விட்டாள், ஸ்பிரிங் இழுக்கத் திரும்பி வந்தது. தகட்டின் வாலில் கடுகளவு ஒரு காந்தம். கதவு திறக்கும்போது அந்த வால், பெட்டியின் இடது சுவரை ஒட்டியிருக்கும் ஒரு சின்னக் கறுப்புத் துண்டுக்கு முன்னால் போய் நிற்கும். அந்தத் துண்டுதான் சென்சார், காவல்காரன். காந்தம் எதிரே இருந்தால் 'கதவு திறந்திருக்கிறது' என்பான். விலகினால் 'மூடிவிட்டது' என்பான்.

மூடியின் உட்புறத்தில் ஒரு பழைய ஸ்டிக்கர் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய தேதி, 'ஷட்டர் சென்சார் மாற்றப்பட்டது' என்ற குறிப்பு, கீழே தூண்டில் முள் போல வளைந்த ஒரு கையெழுத்து.

"இந்த மெஷின் புதுசா வாங்கினதா சார்?"

"இல்லம்மா. போன வருஷம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கம்பெனிய பூட்டினாங்க. அங்கேருந்து எடுத்தது."

பெமிலா ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மூடியைத் திரும்ப மாட்டினாள். அந்த நேரம் பார்த்து ஹரிகுமாருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

"ஜாஸ்மி, ஓட்டு."

டிக். டிக்.

"இன்னொரு தடவை."

டிக். டிக்.

ஐம்பது தடவை ஓட்டினார்கள். நூறு 'டிக்'. சிவப்பு எழுத்து ஒருமுறைகூட வரவில்லை. ஜாஸ்மியின் முகத்தில் மூன்று வாரத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. "அக்கா, சரியாயிட்டு! என்ன செஞ்சிய?"

"ஒண்ணுமே செய்யல. அதுதான் எனக்குப் பிடிக்கல."

ஹரிகுமார் திரும்பி வந்தார். மெஷினுக்கு இடது பக்கம் வழக்கம்போல் வந்து நின்று, குனிந்து திரையைப் பார்த்தார். "என்ன பிள்ள, ஓடுதா?"

ஜாஸ்மி பொத்தானை அழுத்தினாள். அதே நொடியில் அவர் பெட்டி மேல் கையை ஊன்றினார்.

டிக். டிக். டிக்.

திரையில் சிவப்பு எழுத்து. ஷட்டர் மூடவில்லை.

"கேட்டியளா!" ஹரிகுமார் சுவரைப் பார்த்துக் கும்பிடாத குறை. "பல்லி சொல்லிச்சு பாத்தியளா!"

"சொல்லேல சாரே" என்றார் குமாரதாஸ், நாற்காலியிலிருந்து அசையாமல்.

"நான் காதால கேட்டேன்வே!"

"நான் கண்ணால பாத்தேன். அவனுக்க வாயில ஒரு விட்டில் இருக்கு. பாதி உள்ள, பாதி வெளிய. வாய் நெறைய சோறு வெச்சிட்டு ஆரும் சகுனம் சொல்ல முடியுமா?"

எல்லோரும் பார்த்தார்கள். உண்மைதான். விட்டிலின் சிறகு இரண்டும் மீசைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பல்லி மும்முரமாகச் சாப்பாட்டில் இருந்தது. சம்பவ நேரத்தில் வாய் நிறைந்திருந்தது என்பதைவிட வலுவான சாட்சியம் எந்தக் குற்றவாளிக்கும் கிடைக்காது.

"அப்ப மூணாவது 'டிக்' யாரோடது?" என்றாள் ஜாஸ்மி.

பெமிலா ஹரிகுமாரின் கைக்கருகே மேஜையில் கிடந்த காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் செருகியிருந்த ஒரு ஜெம் கிளிப் லேசாகத் தலையைத் தூக்கி, அவர் கையை எடுத்ததும் மறுபடி படுத்துக்கொண்டது.

"அண்ணே, கீழ கடையில ஒரு டப்பா குண்டூசி வாங்கிட்டு வாங்க."

"ஷட்டருக்குக் குண்டூசியா? சம்மட்டி கொண்டுவந்ததுக்கு இப்படியா பழி வாங்குவிய?" புலம்பிக்கொண்டே போனார். படி இறங்கும்போது திரும்பி, "பல்லிக்கு ஆரு காவல்?" என்று கேட்டார்.

"விடுதலை செஞ்சாச்சு."

பெமிலா ஹரிகுமாரிடம் திரும்பினாள். "சார், ஒரே ஒரு உதவி. எபிசன் வந்ததும் அவர் முன்னால ஒரு தடவை ஓட்டிப் பாப்போம். சரியா வரலேன்னா நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் போயிருதேன். ஆனா ஓட்டும்போது நீங்க வலது பக்கம் நில்லுங்க. இந்தப் பக்கம் நின்னா எனக்குத் திரை மறையுது."

"எந்தப் பக்கம் நின்னா என்ன? விதி மாறாது" என்றார் ஹரிகுமார்.

சரியாக நாலு மணிக்கு எபிசன் வந்தான். பளபளக்கும் ஷூ, தோளில் கனமான தோல்பை, முகத்தில் ஏற்கெனவே விற்றுவிட்ட சிரிப்பு. ஆர்டர் தாளை மேஜையில் விரித்து, தன் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டுப் பேனாவை ஹரிகுமாரிடம் நீட்டினான்.

"ஒரு நிமிஷம்" என்றாள் பெமிலா. "கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கிடுவோம்."

"தாராளமா மேடம். சாகப் போற மெஷினுக்கு ஒரு வாய் தண்ணி." எபிசன் தாராளமாகச் சிரித்தான்.

ஹரிகுமார் வலது பக்கம் நின்றார். ஜாஸ்மி அழுத்தினாள்.

டிக். டிக்.

மறுபடியும். டிக். டிக். பத்து தடவை. இருபது 'டிக்'. ஹரிகுமார் மெஷினையும் ஜாஸ்மியையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த பேனா கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

எபிசனின் சிரிப்பும் அதே வேகத்தில் இறங்கியது. "சார்..." என்றான். "அந்தப் பக்கம் ஏசி காத்து நேரா அடிக்கே. முட்டு வலிக்கு ஆகாது பாத்துக்கிடுங்க. நீங்க எப்பளும் இந்தப் பக்கம்தானே நிப்பிய? வாங்க, இங்க வந்து கைய ஊனி நல்லா வசமா நில்லுங்க."

அவனே ஹரிகுமாரின் தோளைப் பிடித்து இடது பக்கத்துக்கு நகர்த்தினான். அவர் பழக்க தோஷத்தில் பெட்டி மேல் கையை ஊன்றிய அதே நொடியில் ஜாஸ்மி அழுத்தினாள்.

டிக். டிக். டிக்.

ஷட்டர் மூடவில்லை.

"பாத்தியளா!" எபிசன் கையைத் தட்டினான். "மெஷின் காலியாயிட்டு. கையெழுத்துப் போடுங்க சார்."

"பல்லி இங்க இல்ல" என்று குமாரதாஸ் வாக்குமூலம் கொடுத்தார். "சாப்பிட்டுட்டுக் காலண்டருக்குப் பொறத்த போய் ஒறங்குதான்."

"சார், அந்தக் கையை அப்படியே வெச்சிருங்க" என்றாள் பெமிலா. "எடுக்காதீங்க."

குண்டூசி டப்பாவைத் திறந்து ஒரு காகிதத்தில் கொட்டினாள். காகிதத்தை மெல்லத் தூக்கி ஹரிகுமாரின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முதலில் ஒரு குண்டூசி எழுந்து நின்றது. பிறகு பத்து. பிறகு டப்பா முழுக்க ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, கறுப்புக் கயிற்றுக்கும் சிவப்புக் கயிற்றுக்கும் நடுவிலிருந்த செம்பு வளையத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஹரிகுமாரின் கை முள்ளம்பன்றியாகிவிட்டது.

"ஐயோ!" ஹரிகுமார் அலறினார். அலறிய வாயோடு காலண்டரைத் தேடினார். "குண்டூசி விழுந்தா என்ன பலன்?"

"பக்கத்துல நிக்கப்பட்டவனுக்குக் கஷ்டகாலம்" என்றார் குமாரதாஸ், எபிசனைப் பார்த்தபடி.

"பாக்கத்தான் செம்பு சார். உள்ள சுத்தி வர காந்தம் பதிச்சிருக்கு. நல்ல சக்தியான காந்தம்" என்றாள் பெமிலா. "நீங்க கையை ஊனும்போது அது போய் இந்தத் திருகாணியில ஒட்டுது. அந்தச் சத்தந்தான் மூணாவது 'டிக்'. அந்தத் திருகாணிக்கு நேர் பின்னாலதான் மெஷினுக்கக் காவக்காரன் இருக்கான். காந்தத்தைப் பாத்தா கதவு தொறந்திருக்குன்னு சொல்லுவான். உங்க வளையத்தைப் பாத்து அதையேதான் சொல்லியிருக்கான். கதவு ஒவ்வொரு தடவையும் ஒழுங்காத்தான் மூடியிருக்கு. ஜாஸ்மியும் ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கா."

"அப்ப... ரஷ்மி ஓட்டும்போது?"

"ரஷ்மி ஓட்டும்போது நீங்க பக்கத்துல வந்து நிப்பியளா?"

ஹரிகுமார் யோசித்தார். "அவ நாலு வருஷமா இருக்கப்பட்ட பிள்ள. அவளை எதுக்கு நான்..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திக்கொண்டார். முகம் சுருங்கிவிட்டது. ஜாஸ்மியைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "நானா? மூணு வாரமா நானா?"

"விடுங்க சார், தெரியாம நடந்தது!" எபிசன் முந்திக்கொண்டான். "மனுசனுக்குத் தப்பு வரும். அதுக்குத்தான் சொல்லுகேன், புது மெஷின்ல இந்தப் பிரச்னையே கெடையாது. காந்தமே இல்லாத ஷட்டர். இங்க, இந்த எடத்துல கையெழுத்து."

குமாரதாஸ் வியந்தார். "செத்த வீட்டுலயும் பாய் விப்பான் போல."

பெமிலா தாளை நகர்த்தினாள். "சார், வளையம் எங்க வாங்கினிய?"

"வாங்கல. எபிசன் அன்பளிப்பாத் தந்தான். ஒரு மாசம் இருக்கும். மூட்டு வலிக்கு நல்லதுன்னு சொன்னான்." ஹரிகுமாரின் பேச்சு வேகம் குறைந்தது. "எடது கையில போடணும்னு சொன்னான்." இன்னும் குறைந்தது. "குளுந்த உலோகத்து மேல கைய ஊனிக்கிட்டு நின்னா வலி எறங்கும்னு சொன்னான். இந்த ரூம்ல எது குளுந்திருக்குன்னு அவனே ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்து..." இப்போது அவர் எபிசனை நேராகப் பார்த்தார். "புதுப் பிள்ள, பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்கன்னும் நீதாம்லே சொன்னே."

"நல்லதுக்குத்தான் சார் சொன்னேன்!" எபிசன் நெஞ்சில் கை வைத்தான். "இந்த மெஷினுக்குள்ள காவக்காரன் இருக்கானா, வேலைக்காரன் இருக்கானா, எனக்கு எப்படித் தெரியும்? என் வாழ்க்கையில இதைத் தொறந்து பாத்ததே இல்ல."

பெமிலா போனை எடுத்து, காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். அதை ஆர்டர் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையெழுத்தும் ஒரே தூண்டில் முள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால திருநெல்வேலியில இந்த மெஷினுக்குக் காவக்காரனை மாத்தி வெச்ச ஆளே நீங்கதான் எபிசன். அவன் எதைப் பாத்தா ஏமாறுவான், எந்தத் திருகாணிக்குப் பின்னால இருக்கான், எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. சந்தேகந்தான் இருந்துது. அதனாலதான் சாரை வலது பக்கம் நிக்கச் சொன்னேன். மெஷின் சரியா ஓடினா சந்தோசப்படாத ஆளு ஒருத்தர் இருப்பாரு, அவரே சாரைப் பழைய எடத்துக்கு நகத்துவாருன்னு நினைச்சேன். தோளைப் பிடிச்சு நகத்துவியன்னு நான் எதிர்பாக்கல."

எபிசன் பையைத் தோளில் மாட்டினான். "எனக்கு மார்த்தாண்டத்துல ஒரு மீட்டிங்..."

இரண்டு எட்டு வைத்திருப்பான். அவசரத்தில் கதவோரம் நின்ற இரும்பு பீரோவை உரசிக்கொண்டு கடக்கும்போது பை தானாக ஒரு பக்கம் திரும்பியது. டமார் என்று பீரோவில் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். வார் அறுந்து அவன் தரையில் உட்கார்ந்தான். பை பீரோவிலேயே இருந்தது.

குமாரதாஸ் போய் ஜிப்பைத் திறந்தார். "ஒண்ணு, ரெண்டு... ஏழு வளையம். எலேய், ஏழு கை உள்ள சாமிக்கா போடப் போற?"

தரையிலிருந்தபடியே எபிசன் எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனியில் டார்கெட். ஆறு மாதமாக ஒரு மெஷின்கூட நகரவில்லை. ஜில்லாவில் இதே பழைய மாடல் எந்தெந்த லேபில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கொஞ்ச நாள் தகராறு செய்தால் புதிது வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டான்.

"வேற எங்கயெல்லாம் குடுத்த?" பெமிலாவின் குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"மூணு எடம்."

"அங்க யாரு மேல பழி விழுந்திருக்கு?"

எபிசன் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை.

ஹரிகுமார் ஆர்டர் தாளைக் கிழித்தார். அடுத்து அந்தக் கடிதத்தைக் கிழித்தார். நான்காக, எட்டாக, பதினாறாக. இடது கையில் குண்டூசிகள் இருந்ததால் அவருக்கு அது வலித்தது. வலிக்கட்டும் என்று நினைத்தவர்போல் நிறுத்தாமல் கிழித்தார். பிறகு ஜாஸ்மியின் முன்னால் வந்து நின்றார்.

"பொறுத்துக்கோ மக்கா."

ஜாஸ்மி கிழிந்து கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். "மூணு வாரமா வீட்டுல சோறு எறங்கல சார்" என்றாள். "எனக்க கையில என்னமோ கேடு இருக்குன்னு நானே நம்பிட்டேன். தராச எடுக்கவே பயந்தேன். அம்மைகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

ஹரிகுமார் வளையத்தைக் குண்டூசிகளோடு கழற்றிப் பெமிலாவின் கையில் கொடுத்துவிட்டு, எபிசனைக் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவனுடைய கம்பெனி மேலாளருக்கு அவனைக்கொண்டே போன் செய்யவைக்கிற சத்தம் கேட்டது.

பெமிலா, எபிசனிடம் கேட்டு வாங்கியிருந்த மூன்று லேபின் போன் எண்களையும் எழுதி ஜாஸ்மியிடம் நீட்டினாள். "நான் கூப்பிடலாம். ஆனா நீ கூப்பிட்டா நல்லாருக்கும்."

முதல் எண் குளச்சல் பக்கம், மீன் பரிசோதிக்கிற இடம். எடுத்தவள் பெயர் ஷிபா.

"அக்கா, நான் கோட்டாறு லேப்ல இருந்து ஜாஸ்மி பேசுதேன். உங்க மெஷின்ல ஷட்டர் மூடலன்னு வருதா?"

அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல். "ஆரு சொன்னா? நான் ஒண்ணும் செய்யலைங்க..."

"தெரியும்க்கா. நீங்க ஒண்ணும் செய்யல. உங்க சாருக்க எடது கையில செம்பு வளையம் கெடக்கா, பாருங்க."

நாற்காலி நகரும் சத்தம். காலடிச் சத்தம். "சார், கையக் காட்டுங்க" என்று தூரத்தில் அதே குரல். அதற்கப்புறம் போனில் கேட்டது அழுகையா சிரிப்பா என்று ஜாஸ்மிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். குமாரதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏசி காற்றில் கண் எரிகிறது என்று யாரும் கேட்காமலேயே அறிவித்தார்.

மூன்று போனும் முடிந்தபோது ஐந்து மணி. நிலுவையில் பதினோரு சாம்பிள். ஜாஸ்மி முகத்தைக் கழுவிவிட்டு வந்து, கோட்டின் கையை மடித்துவிட்டு, முதல் எண்ணெயை உள்ளே வைத்தாள்.

டிக். டிக். திரையில் பச்சைக் கோடு மலைபோல் ஏறி இறங்கியது.

வாசலில் ஹரிகுமார் வந்து நின்றார். தன் சொந்த ஹாலுக்குள் கால் வைக்கத் தயங்கியபடி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"மக்கா, நான் உள்ள வரலாமா?"

ஜாஸ்மி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்க சார்" என்றாள். "கைய மட்டும் வெளிய வெச்சிட்டு வாங்க."